கொல்கத்தாவின் ஒன்றரை நாள் விடுமுறை

கொல்கத்தாவில் வாழ்ந்த தமிழர் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். சனிக்கிழமை பிற்பகல் நியூ மார்க்கெட்டுக்குப் போனால் கடைகள் ஒவ்வொன்றாகக் கதவை இறக்கிக்கொண்டிருக்கும். ஞாயிறு முழுவதும் அடைப்பு. வங்காளிக்கு வணிகத்தில் நாட்டமில்லை என்று கேலி பேசுவது நம்மவர் வழக்கம். கதவை இறக்கவைத்தது சோம்பல் அன்று, சட்டம்.

1963ஆம் ஆண்டின் மேற்கு வங்கக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் வாரத்தில் ஒன்றரை நாள் கடை முழுமையாக மூடப்பட வேண்டும் என்றது. ஊழியரின் வேலை நேரத்துக்கு நாளுக்கு எட்டரை மணி, வாரத்துக்கு 48 மணி என வரம்பு. இரவு 8 மணிக்குமேல், அரசு விலக்கு அளித்தாலன்றி, கடை திறந்திருக்கலாகாது. மருந்து, மீன், காய்கறி போன்றவற்றுக்குத் தளர்வு இருந்தது.

இதன் வேர் 1940இன் வங்காளச் சட்டம். ஆலைத் தொழிலாளருக்கு 1881 முதலே ஏதோவொரு சட்டம் இருந்தது. கடைச் சிப்பந்திக்கு எதுவுமில்லை. 1937இல் மாகாணங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவைகள் வந்தபின்பே அவன் சட்டத்தின் கண்ணில் பட்டான். பம்பாய் 1939இல் முந்திக்கொண்டது. வங்காளத்தில் ஃபஸ்லுல் ஹக் அமைச்சரவையில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர் ஹுசைன் ஷஹீத் சுஹ்ரவர்தி. சென்னை மாகாணம் 1947இல்தான் சட்டம் இயற்றியது. அதில் கடைக்கு வாரம் ஒரு நாள் மட்டுமே அடைப்பு. அரை நாள் ஓய்வு என்ற எண்ணத்துக்கு 1911இன் பிரிட்டன் கடைச் சட்டம் முன்னோடி.

இச்சட்டத்தில் சிறு வணிகரை உறுத்தியது ஒன்றே. ஊழியருக்கு ஓய்வு கொடு என்பதோடு நில்லாமல், கடையையே மூடு என்றது. கணவனும் மனைவியுமாக நடத்தும் கடையில் யாருடைய உழைப்பு சுரண்டப்படுகிறது? கேள்வி நியாயமானதே. ஆயினும் என் வாசிப்பு வேறு. ஐம்பது சிப்பந்திகள் உள்ள கடை முறைவைத்து ஓய்வளித்துவிட்டு ஏழு நாளும் திறந்திருக்க முடியும். ஒற்றை ஆள் கடைக்கு முறை மாற்ற ஆளேது? பக்கத்துக் கடை திறந்திருக்கும்வரை அவனும் திறந்திருந்தாக வேண்டும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கதவடைத்தபோது, ஓய்வெடுத்தால் வாடிக்கையாளர் போய்விடுவாரோ என்ற அச்சம் அவனுக்கும் நீங்கியது. முதலாளியைக் கட்டுப்படுத்த வந்த சட்டம் சிறிய முதலாளிக்குக் கவசமும் ஆனது.

கவசத்தில் ஓட்டை இல்லாமலில்லை. மூடிய கதவின் முன்னேயே நடைபாதை வணிகர் துணி விரிப்பார். பிரிவினை அகதிகளில் பலர் பிழைத்தது அப்படித்தான். 1996 நவம்பரில் 'ஆபரேஷன் சன்ஷைன்' என்ற பெயரில் அவர்களை இடதுசாரி அரசே அகற்றியது. பின்னர் அவர்கள் திரும்பிவந்தார்கள். வாடகையும் வரியும் கட்டும் கடைக்காரரின் மனக்குறை அங்கே நிற்கிறது. இன்று அவருடைய போட்டியாளர் நடைபாதையில்கூட இல்லை. வாடிக்கையாளரின் கைப்பேசியில், உறங்காமல் இருக்கிறார்.

தமிழ்நாட்டின் 2019 அரசாணையை இந்தப் பின்னணியில்தான் படிக்கிறேன். ஆண்டின் எல்லா நாளும், 24 மணி நேரமும் கடை திறக்க அது அனுமதித்தது. அந்த அனுமதி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளுக்கு மட்டும்.