எளியோர் எழுப்பிய மருத்துவமனைகள்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயலாளர் அவர்கள் பணித்தபோது, பள்ளிகளின் வரலாற்றையே எழுதுவதென முதலில் எண்ணினோம். பின்னர் மருத்துவமனையைப் பற்றி எழுதத் துணிந்தோம். கல்விச் சங்க மலரில் மருத்துவமனைக்கு என்ன இடம் என்று இளைஞர்கள் வினவக்கூடும். ஒடுக்கப்பட்ட மக்கள் தம் கைப்பொருளையும் கையுழைப்பையும் ஈந்து எழுப்பிய மருத்துவமனைகளுள் புகழ்பெற்ற ஒன்று, ஒரு பெண்ணுக்குக் கல்வி மறுக்கப்பட்டதிலிருந்தே தோன்றியது என்பதே அதற்கு நம் விடை.

வரலாற்றினுள் புகுமுன் ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூறிவிடுகிறோம். நாம் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த காலம். பாட்டியார் பேதி கண்டு சுருண்டு கிடந்தார். நம் தெருவினர் நால்வர் அவரைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு அயலூர் மருத்துவமனைக்கு நடந்தனர். நாமும் உடன் ஓடினோம். அங்கே தாழ்வாரத்தில் நிறுத்தப்பட்டோம். "எந்தத் தெரு?" என்று ஒருவர் கேட்டார். விடை சொன்னபின் வெகுநேரம் எவரும் எட்டிப் பார்க்கவில்லை. பாட்டியார் எப்படியோ பிழைத்துக்கொண்டார். அத்தாழ்வாரத்தை மட்டும் இன்றளவும் நம்மால் மறக்க இயலவில்லை. அதனினும் மறக்க இயலாதது வேறொன்று உண்டு. தூக்கி வந்த நால்வரும் மறுநாள் கூலியை இழந்து, விடியும்வரை அங்கேயே அமர்ந்திருந்தனர். எவரும் அவர்களை இருக்கச் சொல்லவில்லை. தொண்டு என்னும் சொல்லை ஏட்டில் கற்பதற்கு முன்னரே நாம் அதைக் கண்ணால் கண்டது அன்றுதான்.

தாழ்வாரத்தில் நிறுத்தப்பட்ட மக்கள் என்ன செய்ய இயலும்? இவ்வினாவுக்கு வரலாறு கூறும் விடைகளை இனிக் காண்போம்.

மூடப்பட்ட கதவும் திறக்கப்பட்ட வீடும்

அமெரிக்க நாட்டில் அடிமை முறை 1865-இல் சட்டப்படி ஒழிந்தது. ஆயினும் கறுப்பின மக்களைத் தள்ளி வைக்கும் வழக்கம் ஒழியவில்லை. 1889-ஆம் ஆண்டையொட்டி, எம்மா ரெனால்ட்ஸ் என்னும் இளம்பெண் செவிலியராக விரும்பிச் சிகாகோ நகரின் பயிற்சிப் பள்ளிகளை அணுகினார். கறுப்பினத்தவர் என்ற ஒரே காரணத்தால் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. பாதிரியாராக இருந்த அவருடைய தமையனார், மருத்துவர் டேனியல் ஹேல் வில்லியம்ஸ் என்பவரிடம் சென்று முறையிட்டார்.

வில்லியம்ஸ் 1856-இல் பிறந்தவர். முடிதிருத்தும் தொழில் செய்தவரின் மகன். இளமையிலேயே தந்தையை இழந்து, செருப்புத் தைக்கும் தொழிலைப் பழக விடப்பட்டார். பின்னர்த் தாமும் முடிதிருத்தினார். அத்தகைய நிலையிலிருந்து முயன்று கற்று, 1883-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அந்தப் பெண்ணை எப்படியாவது ஒரு பள்ளியில் சேர்த்துவிட முயன்றிருந்தால் ஒருத்தியின் துயர் மட்டும் தீர்ந்திருக்கும். வில்லியம்ஸ் எண்ணியது வேறு. நமக்கென ஒரு மருத்துவமனை வேண்டும். அதிலேயே நம் பெண்கள் செவிலியராகவும் நம் இளைஞர்கள் மருத்துவராகவும் பயில வேண்டும். அதன் கதவு எந்த நிறத்தவருக்கும் மூடப்படலாகாது என்றார்.

கூட்டங்கள் கூட்டப்பட்டன. தேவாலயங்களில் உண்டியல் வைக்கப்பட்டது. வீட்டுவேலை செய்வோரும் கூலி உழைப்போரும் தம்மால் இயன்ற சிறு தொகைகளை அளித்தனர். காசு இல்லாதவர் படுக்கை விரிப்பும் துணியும் வீட்டுப் பொருள்களும் கொண்டுவந்தனர். பேன்னி பேரியர் வில்லியம்ஸ் போன்ற பெண்மணிகள் நிதி திரட்டுவதில் முன்னின்றனர். பிலிப் ஆர்மர், மார்ஷல் பீல்டு முதலிய வெள்ளையினச் செல்வர்களும் பொருளுதவி புரிந்தனர். இதனை மறைக்க வேண்டுவதில்லை. ஏழையர் தாமே முன்வந்து தொடங்கியதைக் கண்டபின் வந்த உதவி அது.

1891-இல் பிராவிடன்ட் மருத்துவமனையும் செவிலியர் பயிற்சிப் பள்ளியும் ஒரு வீட்டில் தொடங்கப்பெற்றன. படுக்கைகள் 12 மட்டுமே. முதல் அணி மாணவியருள் எம்மா ரெனால்ட்ஸும் ஒருவர். செவிலியராகத் தேறிய அவர், பின்னர் மருத்துவக் கல்வியும் பயின்று மருத்துவரானார். பள்ளிக்கூடத்தின் கதவு சாத்தப்பட்ட பெண் மருத்துவமனை ஒன்று தோன்றக் காரணமானதும், அம்மருத்துவமனை அவரை உயர்த்தியதும் நம் மாணவியர் நெஞ்சில் நிறுத்தத் தக்கன.

1893 ஜூலையில் அச்சிறு மருத்துவமனைக்கு, மார்பில் கத்திக்குத்துப் பட்ட ஜேம்ஸ் கார்னிஷ் என்பவர் கொண்டுவரப்பட்டார். எக்ஸ்ரே கதிர் கண்டுபிடிக்கப்பட்டது 1895-இல். இரத்த வகைகள் அறியப்பட்டது அதற்கும் பின்னர். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் கனவிலும் இல்லாத காலம். வில்லியம்ஸ் மார்பைத் திறந்து, இதயத்தைச் சூழ்ந்துள்ள உறையின் காயத்தைத் தைத்து மூடினார். நோயாளி 51 நாட்களுக்குப் பின் நலமுடன் வீடு திரும்பி, அதன்பின் பல்லாண்டு வாழ்ந்தார். இத்தகைய அறுவைச் சிகிச்சைகளுள் வெற்றி கண்ட மிகத் தொடக்க காலத்தவற்றுள் ஒன்றென இது போற்றப்படுகிறது. ஏழைகள் கொடுத்த விரிப்பின்மேல் நிகழ்ந்த சாதனை அது! 1913-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி தோன்றியபோது, அதன் தொடக்க உறுப்பினருள் கறுப்பினத்தவர் வில்லியம்ஸ் ஒருவரே.

கொள்ளைநோய்க் காலத்துத் தாய்

இதே காலத்தில் நம் நாட்டில் நிகழ்ந்த ஒன்றையும் நினைவு கூர்வோம். 1873-இல் தாம் எழுதிய 'குலாம்கிரி' நூலை, அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கியவர் மகாத்மா ஜோதிராவ் பூலே. 1897-இல் புனே நகரைப் பிளேக் நோய் வாட்டியபோது, அவருடைய வாழ்க்கைத் துணைவியார் சாவித்திரிபாய் அறுபத்தாறு வயதைக் கடந்தவர். வளர்ப்பு மகனும் மருத்துவருமான யஷ்வந்த் ஊருக்கு வெளியே நடத்திய சிகிச்சை நிலையத்துக்கு நோயாளிகளைக் கொண்டுசேர்க்கும் பணியை அம்மூதாட்டி மேற்கொண்டார். மகர் குடியிருப்பைச் சேர்ந்த சிறுவன் ஒருவனைத் தாமே சுமந்து சென்றதாக அவர் வரலாறு கூறுகிறது. அந்நோயே அவரையும் பற்றியது. 1897 மார்ச் 10-ஆம் நாள் அவர் மறைந்தார். 1848-இல் பெண்களுக்குப் பள்ளி திறந்த பெருமாட்டியின் இறுதிப் பாடம் ஏட்டில் அன்று, நோயாளியின் அருகில் நடத்தப்பெற்றது.

சுரங்கத் தொழிலாளர் கட்டிய மருத்துவமனை

அடுத்து, இன்றைய சத்தீசுகர் மாநிலத்தின் தல்லிராஜரா. பிலாய் எஃகு ஆலைக்கு இரும்புத் தாது தரும் சுரங்க நகரம். அங்கே ஒப்பந்தத் தொழிலாளராகத் தாது வெட்டியும் சுமந்தும் உழன்றவருள் பழங்குடி மக்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் மிகுதி. 1977-இல் அவர்கள் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர். சங்கர் குஹா நியோகி அதன் வழிகாட்டியானார். அவ்வாண்டு ஜூன் 2, 3 நாட்களில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் மாண்டனர். அவர்களுள் ஒரு பெண்ணும் ஒரு சிறுவனும் அடங்குவர்.

போராட்டத்தின் பயனாகக் கூலி உயர்ந்தது. உயர்ந்த கூலி சாராயக் கடைக்குப் போவதைச் சங்கம் கண்டது. பெண்களை முன்னிறுத்தி மது எதிர்ப்பு இயக்கம் நடத்திற்று. இந்நிலையில் சங்கத்தின் துணைத்தலைவி குசும்பாய் உரிய மருத்துவம் கிட்டாமல் பேற்றின்போது உயிர் நீத்தார். தொழிலாளர் திரண்டனர். அவர்கள் அழுததோடு நில்லாமல், இனி ஒரு தாயும் இவ்வாறு சாகலாகாது என்று உறுதி பூண்டனர்.

1982-இல் சிறு மருந்தகம் ஒன்று தொடங்கிற்று. சுரங்கத்தில் பகல் முழுதும் உழைத்தவர்கள் வேலை முடிந்தபின் கல்லும் மண்ணும் சுமந்து கட்டடம் எழுப்பினர். செலவைத் தம் ஊதியத்திலிருந்தே பகிர்ந்துகொண்டனர். 1983 ஜூன் 3-ஆம் நாள், உயிர்நீத்த பதினொருவரின் நினைவாகச் 'ஷகீத் மருத்துவமனை' 15 படுக்கைகளுடன் திறக்கப்பெற்றது. திறந்து வைக்க அமைச்சரை அழைக்கவில்லை. மூத்த தொழிலாளி ஒருவரும் மூத்த உழவர் ஒருவருமே திறந்து வைத்தனர்.

விநாயக் சென், சைபல் ஜானா போன்ற மருத்துவர்கள் பெருநகர வாய்ப்புகளை விடுத்து அங்கே பணிபுரிந்தனர். தொழிலாளர்களும் வாளாவிருக்கவில்லை. புண் கட்டவும் நோயாளியைப் பேணவும் பயிற்சி பெற்று, சுரங்க வேலை முடிந்த நேரத்தில் தொண்டாற்றினர். தேவையற்ற ஊசிக்கும் பாட்டில் மருந்துக்கும் எதிராக மக்களுக்கு அறிவூட்டினர். வயிற்றுப்போக்குக்கு ஒரு லிட்டர் தூயநீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கரைத்துப் புகட்டினாலே பல உயிர்களைக் காக்கலாம் என்பதை வீடுதோறும் எடுத்துரைத்தனர். நம் பாட்டியாரைத் தூக்கிச் சென்ற அந்நாளில் இச்சிறு செய்தியை அறிந்தவர் நம் தெருவில் ஒருவரும் இல்லை. கல்வியும் மருத்துவமும் வெவ்வேறு அல்ல என்று நாம் கூறுவது இதனாலேயே.

நியோகி 1991 செப்டம்பர் 28-ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின்னும் மருத்துவமனை நின்றது. படுக்கைகள் பன்மடங்கு பெருகின. தனி மனிதரை நம்பி நிற்காமல் மக்களின் தோளில் நின்றமையே அதற்குக் காரணம் எனலாம்.

ஒப்புநோக்கின்

இவ்விரு மருத்துவமனைகளின் வழிகள் வேறு வேறானவை. சிகாகோவில் செல்வரின் உதவியை ஏற்றனர். ஆனால் கொள்கையை விற்கவில்லை. தல்லிராஜராவில் தம் உழைப்பையே முதலாக்கினர். இரண்டிலும் பொதுவானவை மூன்று. முதலாவது, தமக்கு மறுக்கப்பட்டதைப் பிறருக்கு மறுக்கவில்லை. தம்மைத் தள்ளி வைத்தவருக்கும் கதவு திறந்தே இருந்தது. இரண்டாவது, வந்து பெறுவோராக மட்டும் இராமல் நடத்துவோராகவும் இருந்தனர். மூன்றாவது, பயிற்சியையும் அறிவையும் சிகிச்சையோடு சேர்த்தே வழங்கினர்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பிராவிடன்ட் மருத்துவமனை நிதி நெருக்கடியால் 1987-இல் மூடப்பட்டது. 1993-இல் மாவட்ட அரசே அதை ஏற்று மீண்டும் திறந்தது. நன்கொடையும் தொண்டும் எத்துணைச் சிறந்தனவாயினும் அரசின் கடமைக்கு அவை ஈடாகா. பொதுமக்கள் நல்வாழ்வை மேம்படுத்துவது அரசின் தலையாய கடமைகளுள் ஒன்றென நம் அரசியலமைப்பின் 47-ஆம் பிரிவு கூறுகிறது. அச்சட்டத்தை வரைந்த குழுவின் தலைவர் அண்ணல் அம்பேத்கர், 1946-இல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு எழுதிய கடிதத்தில், தீண்டப்படாதார் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலைக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டினார். துயரில் ஒப்புமை கண்ட நாம் முயற்சியிலும் ஒப்புமை காண வேண்டாமா? உரிமையைக் கேட்பது ஒரு கை, உதவியை நீட்டுவது மறு கை. இரண்டும் வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

புதிய மருத்துவமனை கட்டும் வல்லமை நம் சங்கத்துக்கு இன்று இல்லை. அதற்கான தேவையும் இல்லை. அரசு மருத்துவமனை அருகிலேயே உள்ளது. அங்கே எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்த அறைக்குச் செல்வதென அறியாமல் திகைத்து நிற்கிறார். நம் பட்டதாரி இளைஞர் இருவர் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் அங்கே நின்றால் போதும். அந்தத் திகைப்பு நீங்கும். துணைக்கு ஆளில்லாத நோயாளிக்குச் சோறு வாங்கித் தருதல், பேறுகால மகளிருக்குத் துணை நிற்றல் ஆகியன பொருட்செலவு மிகாத தொண்டுகள்.

அடுத்தது இரத்ததானம். விலைக்கு இரத்தம் கொடுக்கும் வழக்கம் உச்ச நீதிமன்ற ஆணையின்படி 1998 தொடக்கத்திலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. ஆகவே, தாமாக முன்வந்து தருவோரையே மருத்துவமனைகள் நம்பியுள்ளன. 18 வயது நிரம்பி, 45 கிலோவுக்குக் குறையாத எடையுடன், நலமாக உள்ள ஆண்கள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், பெண்கள் நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும் அளிக்கலாம். இரத்தப் பையின்மேல் வகையை எழுதுகிறார்கள், சாதியை எழுதுவதில்லை. நம் குவளையைத் தொடத் தயங்கியோரின் நரம்பில் நம் பிள்ளைகளின் குருதி ஓடுமாயின், அதைவிடப் பெரிய சமத்துவப் பாடத்தை முப்பது ஆண்டுக்காலம் கரும்பலகையில் எழுதிய நாமும் எழுதிவிட இயலாது.

இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே இளைஞர் இருபதின்மர் கொண்ட மருத்துவத் தொண்டர் அணி ஒன்றைச் சங்கம் அமைக்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். நம் பெண்மக்களுள் செவிலியர் கல்வி விரும்புவோருக்கு ஆண்டுதோறும் ஓர் உதவித்தொகை ஒதுக்கவும் வேண்டும். அதற்கென நம் ஒரு மாத ஊதியத்தைச் சங்கப் பொருளாளரிடம் ஒப்படைக்க உறுதி கூறுகிறோம்.

அன்று கட்டிலைத் தூக்கிய நால்வரில் இன்று ஒருவரும் உயிரோடு இல்லை. அவர்கள் படித்தவர் அல்லர். கூலியை இழந்து விடியும்வரை விழித்திருந்தவர். படித்த நாம் அவர்களுக்குக் குறைந்தவராகலாமா? இளைஞர்களே, இனி நம் ஊர் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் எந்தத் தெருவைச் சேர்ந்த நோயாளி வந்து நின்றாலும், அவரை உள்ளே அழைத்துச் செல்லும் முதல் கை நம்முடையதாக இருக்கட்டும்.