சுவாமிகளும் கூத்து வாத்தியாரும்

தமிழில் இசை நாடகம் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் சங்கரதாஸ் சுவாமிகள். பாட்டு எழுதுவது, மெட்டமைப்பது, நடிகர்களைப் பழக்குவது என்ற மூன்று வேலையும் அவர் ஒருவரே பார்த்தார். தருமபுரி மாவட்டத்தில் திரௌபதியம்மன் கோயில் பாரதத் திருவிழா நடக்கும் ஊர்களில் இதே மூன்றையும் கூத்து வாத்தியார் பார்க்கிறார். இருவரையும் இசையமைப்பாளர்களாகவே வைத்து ஒப்பிட வேண்டும்.

சுவாமிகள் 1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்தவர் 24 வயதில் நாடகத்துக்கு வந்தார். இரணியன், இராவணன், எமன் வேடங்களில் பேர் வாங்கியபின் வேடத்தை விட்டு ஆசிரியரானார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பு கற்றவர். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் பழக்கத்தில் தாள நுட்பம் கைவந்தது. 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். 1922இல் புதுச்சேரியில் மறைந்தார்.

கூத்து வாத்தியாருக்குப் பள்ளி ஆடுகளமே. சிறுவனாகப் பின்பாட்டில் நின்று, சின்ன வேடம் கட்டி, பிறகு பெரிய வேடத்துக்கு வந்து, கடைசியில் குழுவை நடத்துகிறார். வில்லிபாரதக் கதையைப் பகலில் பிரசங்கி சொல்ல, இரவில் அது கூத்தாகிறது. அர்ச்சுனன் தபசுக்கும் துரியோதனன் படுகளத்துக்கும் ஊரே திரண்டு நிற்கும்.

ஒரு பாத்திரம் நுழையும் இடத்தில் இருவர் இசையும் எப்படிப் பிரிகிறது என்று தெளிவாகப் பார்க்கலாம். கூத்தில் இரண்டு பேர் திரை பிடிக்க, வேடக்காரர் அதன் பின்னால் நின்று விருத்தம் இழுப்பார். கடைசி அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். மிருதங்கம் வேகம் கூட்டும், முகவீணை மேலே ஏறும், கிரீடமும் புஜக்கட்டையும் திரைக்கு மேல் தெரியத் தொடங்கும். துரியோதனனை எவ்வளவு நேரம் திரைக்குள் நிறுத்துவது என்பதை வாத்தியார் அந்த இரவில் கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்கிறார். பாட்டு நோட்டில் இருந்தாலும் அதன் நீளத்தைத் தீர்மானிப்பது ஆடுகளம்தான்.

இதற்கு மாறாக, சுவாமிகளின் நாடகத்தில் ராகமும் தாளமும் பாட்டின் தலையிலேயே குறிக்கப்பட்டவை. கீர்த்தனை, சிந்து, வெண்பா என்று ஒவ்வொன்றுக்கும் இடம் வகுத்துத் தந்திருக்கிறார். அதனால்தான் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்தில் வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒத்திகை இல்லாமலே சந்தித்து, அன்றிரவே அவருடைய 'வள்ளி திருமணம்' ஆடிவிட முடிகிறது. வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தில் புதிதாகச் சேர்த்துக்கொள்ள எவ்வளவோ இடமிருந்தாலும் அடிப்படைப் பாட்டு எல்லோருக்கும் பொது.

சுவாமிகளின் எழுத்து முன்பின் தெரியாத நடிகர்களை ஒரே மேடையில் சேர்த்து வைக்கிறது. கூத்து வாத்தியாரின் இசையோ ஒரே குழு பல பருவம் கூடி ஆடினால்தான் நிலைக்கும். பங்குனி முதல் ஆடி வரை கூத்துப் பருவம். மற்ற மாதங்களில் ஆட்டக்காரர்கள் பலருக்கு விவசாயமும் கூலி வேலையும்தான் சோறு போடுகின்றன. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போனவர் திரும்பாவிட்டால், அவர் தொண்டையில் இருந்த மெட்டும் அவரோடு போய்விடுகிறது.

சுவாமிகளின் பெயர் நின்றதற்கு அவர் மேதைமை மட்டும் காரணமன்று. அவரிடம் பயின்ற டி.கே. சண்முகம் தம் குருவைப் பற்றி 'எனது நாடக வாழ்க்கை'யில் விரிவாக எழுதிவைத்தார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி இன்று சுவாமிகளின் பெயரைத் தாங்கியிருக்கிறது. தருமபுரி வாத்தியார்களுக்கு அப்படி எழுதிவைக்க ஆள் வாய்ப்பது அரிது. கூத்தைப் 'பழங்கலை' என்று பொதுவாகப் போற்றும்போது, அதற்கு மெட்டமைத்த மனிதர் மறைந்துபோகிறார். இனிப் பாரதம் நடக்கும் ஊர்களில் கூத்தைப் பதிவு செய்பவர்கள், இந்த மெட்டை யார் போட்டார், யாரிடம் கற்றார் என்று கேட்டு, பாட்டோடு அந்தப் பெயரையும் எழுத வேண்டும். வாத்தியாரை இசையமைப்பாளர் என்று மதிப்பதற்கு அதுவே முதல் படி.