படச் சைகையின் நுழைவாயில்

ரஞ்சன்குடிக் கோட்டை மதிலுக்கு எதிரே சற்றுத் தள்ளி நின்று கைதட்டிப் பாருங்கள். ஒலி மதிலில் மோதித் திரும்பும். கம்பியில் செல்லும் படச் சைகையும் இவ்வாறே திரும்பும். அதைத் தடுப்பது எப்படி?

ஒரு கம்பியைச் சுற்றி மற்றொரு கடத்தியை உறையாக அமைக்கும் கோ-ஆக்சியல் கம்பிக்கு 1880இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் ஆலிவர் ஹெவிசைடு. 1929இல் எஸ்பென்ஷீட், ஆஃபெல் என்னும் அமெரிக்கத் தொலைபேசிப் பொறியாளர்கள் அதைத் தொலைக்காட்சிக்கும் ஏற்றதாக்கினர். காற்றைக் காப்பாகக் கொண்ட இக்கம்பியில் ஏறத்தாழ 77 ஓம் மின்மறுப்பில் இழப்பு மிகக் குறைவு. படச் சைகைக்கு 75 ஓம் என்பதே வழக்காயிற்று.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கியது. இத்தகைய நிலையங்களில் காமிரா, நாடாப் பொறி முதலியவற்றின் சைகைகளை வேண்டிய இடத்துக்கு அனுப்புவது ரூட்டிங் ஸ்விட்சர். 16 உள்ளீடும் 8 வெளியீடும் இருந்தால் 128 சந்திப் புள்ளிகள் தேவை. ஒரு சந்தி கெட்டால் ஒரு வழி மட்டுமே போகும். உள்ளீட்டுப் பெருக்கி கெட்டாலோ, அந்தக் காமிராவின் படம் எட்டு வழிகளிலும் மறையும்! எனவே உள்ளீட்டிலேயே கவனம் மிகுதி.

முடிவில் 75 ஓம் தடை இருந்தால் சைகை 1 வோல்ட் இருக்கும். தடை விடுபட்டால் 2 வோல்ட் ஆகும். தவறி இரண்டு தடைகள் இணைந்தால் மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். அளவைப் பார்த்தே பொறியாளர் நோயை அறிவார். கம்பியின் நடுவில் ஒரு கருவியை இணைத்து, அதற்கு அப்பால் 100 மீட்டரில் முனையைத் திறந்தே விட்டால், எதிரொலி 1 மைக்ரோ விநாடி பிந்தி வரும். ஒரு வரியின் படப்பகுதி 52 மைக்ரோ விநாடி. ஆகவே 52 செ.மீ. அகலத் திரையில் 1 செ.மீ. தள்ளி ஒரு நிழல் உருவம் தோன்றும்.

வேறு தொல்லைகளும் உண்டு. இரு அறைகளின் நில இணைப்புகளுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு இருந்தால், 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் திரையில் பட்டையாக ஊரும். உட்கம்பிக்கும் உறைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் பெருக்கும் பெருக்கி இதை நீக்கும். மின்தேக்கி வழியே வரும் சைகையில் கறுப்பின் அளவு நிலையாக நில்லாது. காட்சியின் ஒளிக்கேற்ப ஏறி இறங்கும். வரிக்கு ஒரு முறை, அதாவது விநாடிக்கு 15,625 முறை, அதைப் பழைய அளவில் நிறுத்துகிறது ‘கிளாம்ப்’ சுற்று. காலப்போக்கில் மின்பகு மின்தேக்கிகள் உலர்ந்தால் படத்தின் மேலும் கீழும் ஒளி மாறுபடும், அவற்றை மாற்றவேண்டும்.

1982இல் நம் நாட்டில் வண்ண ஒளிபரப்பு வந்தது. வண்ணம் 4.43 மெகாஹெர்ட்ஸில் ஏறி வருகிறது. நீண்ட கம்பியில் உயர் அதிர்வெண்களே அதிகம் தேய்வதால் வண்ணம் வெளிறும். தேய்ந்த அளவுக்கு ஈடு செய்யும் சுற்றும் உள்ளீட்டில் இடம் பெற்றது.

பின்னர் எண்முறை வந்தது. கிளாம்ப் சுற்றின் வேலை முடிந்தது. ஆனால் எண்முறைப் படச் சைகையைக் கம்பியில் அனுப்பும்போது அதே 75 ஓம் கம்பியும், முடிவுத் தடையும், ஈடுசெய்யும் சுற்றும் இன்றும் தேவைப்படுகின்றன. கருவிகள் மாறினாலும் அலையின் இயல்பு மாறுவதில்லை அல்லவா?