ஒவ்செட் அச்சில் கோளாறா? மைக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. அச்சகத்தில் வீணாகும் தாள் அவ்வளவு பெறுமதியானது.

மையும் தண்ணீரும் ஒன்றோடொன்று கலக்காததே ஒவ்செட் அச்சின் அடிப்படை. வெற்றிடத்தில் மை படிந்தால் தண்ணீர் போதவில்லை, அல்லது மை அதிகம். எழுத்து வெளிறினால் பெரும்பாலும் தண்ணீர் கூடியிருக்கும். அப்போது மையைக் கூட்டினால் கோளாறும் கூடும். ஒரே இடத்தில் வளையப் புள்ளி திரும்பத் திரும்ப வந்தால் பிளேட்டிலோ பிளாங்கட்டிலோ தூசு ஒட்டியிருக்கும். மெசினை நிறுத்தித் துடையுங்கள். எழுத்து இரட்டையாக விழுந்தால் பிளாங்கட்டின் இறுக்கத்தைப் பாருங்கள். நிறங்கள் விலகினால் கடதாசி ஈரம் உறிஞ்சி விரிந்திருக்கலாம். கொழும்பு, கொலன்னாவைப் பகுதியின் ஈரலிப்பான காற்றில் கடதாசிக் கட்டுகளை முன்கூட்டியே பிரித்து வைக்காதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சில தாள்களை ஓட்டிப் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.