450 வோல்ட்டும் ஒரு கையும்

இரண்டாம் உலகப்போர் முடிந்து முழுதாக இரண்டாண்டு ஆகவில்லை. 1947 ஏப்ரல், மே மாதங்களில் பிரிட்டனின் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் ஓர் ஆம்ப்ளிஃபயரின் சர்க்யூட் இரண்டு பகுதிகளாக வந்தது. வடிவமைத்த டி.டி.என். வில்லியம்சன் அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். 15 வாட் தரும் அதில் ஒலிச் சிதைவு 0.1 சதவீதத்துக்கும் குறைவு. கடையில் விற்கும் பெட்டிகளைவிட நல்ல ஒன்றை வீட்டு மேசையிலேயே செய்துவிடலாம் என்ற நம்பிக்கையை ஒரு தலைமுறைக்கே ஊட்டியது அந்தக் கட்டுரை.

ரகசியம் டிரான்ஸ்பார்மரில் இருந்தது. வெளியேறும் ஒலியில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி முதல் வால்வுக்கே திருப்பி ஊட்டினால் பிழை பெருமளவு அடங்கும். ஆனால் வழியில் இருக்கும் டிரான்ஸ்பார்மர் சுமாரானதாக இருந்தால், ஆம்ப்ளிஃபயரே ஊளையிடத் தொடங்கிவிடும். அதனால் அதன் சுற்றுகளுக்கு வில்லியம்சன் கடுமையான அளவுகளை வகுத்தார். அதை வாங்கத்தான் ஆர்வலர்கள் காசு சேர்த்தார்கள். இரண்டு கேடி66 வால்வுகளுக்கும் தேவைப்பட்ட சுமார் 450 வோல்ட் டி.சி. மட்டும், வீட்டு மின்சாரத்தை ஏற்றித் திருத்தினால் எளிதாகவே கிடைத்தது. ஆபத்தும் அங்கேதான்.

அமெரிக்காவில் இந்த ஆசையை ஹீத்கிட் பெட்டியில் அடைத்து விற்றது. மிச்சிகனின் பென்டன் ஹார்பரில் இருந்த அந்த நிறுவனம், போரில் மிஞ்சிய உதிரிபாகங்களைக் கொண்டு 1947-இல் 39.50 டாலருக்கு ஆசிலோஸ்கோப் கிட் விற்றுத் தொடங்கியது. பிறகு வில்லியம்சன் வகை ஆம்ப்ளிஃபயர்களும் வந்தன. ஒவ்வொரு கம்பியையும் பற்றவைத்ததும் ஒரு குறி போட வேண்டும். அப்படி எழுதப்பட்டது அதன் கையேடு. கல்லூரிப் படிப்பு இல்லாதவரையும் மின்னணுவியலுக்குள் கூட்டிவந்த அருமையான பாடநூல் அது.

பிலடெல்பியாவில் டேவிட் ஹாஃப்லர் இன்னும் ஒரு படி போனார். அவருடைய டைனகோ 1959-இல் கொண்டுவந்த ஸ்டீரியோ 70-இல் நான்கு இஎல்34 வால்வுகள், பக்கத்துக்கு 35 வாட். நுணுக்கமான சர்க்யூட் போர்டு தொழிற்சாலையிலேயே சாலிடர் செய்யப்பட்டு வந்தது. டிரான்ஸ்பார்மர்களை முடுக்கிக் கம்பிகளை இணைத்தால் போதும். ஒரே மாலையில் பாட்டு கேட்கலாம். வேலை எவ்வளவோ எளிதானது. உள்ளே ஓடும் நானூற்றுச் சொச்சம் வோல்ட் மட்டும் குறையவில்லை.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது போய்விடுவதில்லை. சூடாக இருக்கும் வால்வுகள் கெபாசிட்டரின் மின்னூட்டத்தை உறிஞ்சிவிடும் என்பது உண்மைதான். ஆனால் சோதனைக்காக வால்வுகளைக் கழற்றியிருந்தால் அதற்குப் போக வழியே இல்லை. நானூறு வோல்ட் அங்கேயே காத்திருக்கும். கெபாசிட்டருக்குக் குறுக்கே போடும் பிளீடர் ரெசிஸ்டர் இதற்குத்தான். 100 மைக்ரோஃபாரட்டுக்கு ஒரு லட்சம் ஓம் போட்டால், 450 வோல்ட் ஒரு நிமிடத்தில் சுமார் ஒரு வோல்ட்டுக்கு இறங்கிவிடும். ரெசிஸ்டர் மட்டும் தொடர்ந்து இரண்டு வாட் சூட்டைத் தாங்க வேண்டும். ஐந்து வாட் போடுவது நல்லது. அதன் கால் ஒன்று விட்டுப்போயிருக்கலாம் என்பதால், மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே விரலை உள்ளே விட வேண்டும்.

ஒரு கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அளக்கும் பழக்கமும் பழைய ரேடியோ பட்டறைகளிலிருந்தே வந்தது. ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும் மின்சாரம் இதயத்தைக் கடந்துதான் போகும்.

ஸ்டீரியோ 70 இலட்சக்கணக்கில் விற்றது. அன்று அதில் இருந்தது இரண்டு கம்பி வயர், எர்த் கிடையாது. உள்ளே காப்பு கெட்டால் உலோகச் சேசிஸுக்கே மின்சாரம் வந்துவிடும். இன்று ஒன்றைத் தேடிப்பிடித்துப் புதுப்பிப்பவர்கள் முதலில் மூன்று கம்பி வயர் இழுத்து, பச்சையைச் சேசிஸில் இறுக்குகிறார்கள், வால்வுகள் பிறகுதான்.