வெக்டர் இயற்கணிதம்

அளவோடு திசையும் கொண்ட கணியங்களைக் கூட்டவும் பெருக்கவும் உதவும் கணிதப் பிரிவு. தமிழ்நாட்டு மேல்நிலை மாணவர்கள் இதை வெக்டர் என்று படிக்கிறார்கள். இலங்கையில் காவி என்பார்கள். சுமந்து செல்வது என்ற லத்தீன் வேர்ப்பொருள் இலங்கைச் சொல்லில் அழகாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

விசைகளை இணைகர விதிப்படி கூட்டுவது நியூட்டன் காலத்திலேயே வழக்கத்தில் இருந்தது. சிக்கல் பெருக்கலில்தான். தளத்தில் உள்ள புள்ளிகளைக் கலப்பெண்களாக எழுதிப் பெருக்கிவிடலாம். முப்பரிமாண வெளிக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை. டப்ளினைச் சேர்ந்த வில்லியம் ரோவன் ஹாமில்டன் அதைத் தேடிப் பல ஆண்டுகள் உழைத்தார். மூன்று உறுப்பு எண்களைப் பெருக்க வந்துவிட்டதா என்று பிள்ளைகள் காலையில் கேட்பார்களாம். கூட்டலும் கழித்தலும் மட்டுமே வருகிறது என்பாராம். 1843 அக்டோபர் 16 அன்று மனைவியோடு ராயல் கால்வாய்க் கரையில் நடக்கையில் விடை கிடைத்தது: மூன்று உறுப்பு போதாது, நான்கு வேண்டும், பெருக்கும் வரிசை மாறினால் விடையும் மாறும். அங்கிருந்த பாலத்தின் கல்லிலேயே சூத்திரத்தைக் கத்தியால் கீறினார். இந்த நாலுறுப்பு எண்ணே குவாட்டர்னியன். அதில் திசையற்ற உறுப்புக்கு ஸ்கேலர் என்றும், மற்ற மூன்றும் சேர்ந்த பகுதிக்கு வெக்டர் என்றும் அவரே பெயரிட்டார்.

புள்ளிப் பெருக்கலையும் குறுக்குப் பெருக்கலையும் ஒட்டில்லாத இரண்டு விதிகளாக மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். அவை ஒரே பெருக்கலின் இரு துண்டுகள். ஹாமில்டன் விதிப்படி ஐ, ஜே, கே ஒவ்வொன்றின் வர்க்கமும் −1; ஐஜே = கே, ஜேஐ = −கே. (ஐ + 2ஜே) என்பதை (3ஐ + ஜே) ஆல் பெருக்கினால் −3 + கே − 6கே − 2, அதாவது −5 − 5கே. திசையற்ற −5 இன் குறியை மாற்றினால் புள்ளிப் பெருக்கம் 5. எஞ்சிய −5கே குறுக்குப் பெருக்கம். இதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவருக்கு, குறுக்குப் பெருக்கலில் வரிசை மாறினால் குறி ஏன் மாறுகிறது என்ற கேள்வியே எழாது.

ஸ்டெட்டின் நகரப் பள்ளி ஆசிரியர் ஹெர்மான் கிராஸ்மன் 1844 இல் வெளியிட்ட நூல், எத்தனை பரிமாணத்துக்கும் பொருந்தும் இன்னும் பொதுவான கோட்பாட்டைத் தந்தது. படிப்பார் இல்லை. மனம் சலித்து மொழியியல் பக்கம் திரும்பிய அவர், ரிக் வேதத்துக்கு அகராதி தொகுத்தார். கணிதத்துக்கு அது பெரிய இழப்பு.

மாக்ஸ்வெல்லின் 1873 ஆம் ஆண்டு மின்காந்தவியல் நூலைப் படித்த இருவர், ஹாமில்டனின் பெருக்கலைத் தனித்தனியே உடைத்தார்கள். ஒருவர் யேல் பல்கலைக்கழகத்தின் வில்லார்ட் கிப்ஸ்; 1881, 1884 ஆம் ஆண்டுகளில் மாணவர்களுக்காகக் குறிப்புகளை அச்சிட்டார். மற்றவர் இங்கிலாந்தில் தந்தி ஊழியராக இருந்த ஆலிவர் ஹெவிசைட். இவர்களுக்கு எதிராக, எடின்பரோவைச் சேர்ந்த டெய்ட் என்பவர் குவாட்டர்னியனுக்காக வாதாடினார். 1890களில் நேச்சர் இதழில் சண்டை காரசாரமாக நடந்தது. கிப்ஸின் பாடங்களை அவர் மாணவர் எட்வின் வில்சன் 22 வயதில் நூலாக்கினார். 1901 இல் வெளிவந்த அந்நூலின் புள்ளிக் குறியும் குறுக்குக் குறியும்தான் இன்றும் பிளஸ் டூ வினாத்தாளில் இருப்பவை. ஐ, ஜே, கே மட்டும் ஹாமில்டனுடையவை.