மூணாறு மைதானமும் ரசிகர் கூச்சலும்

இடுக்கி மாவட்டத்து மூணாறில் ஃபின்லே ஷீல்டு கால்பந்துப் போட்டி 1941 முதல் நடந்துவருகிறது. தேயிலைத் தோட்டங்களை நடத்திய பிரிட்டிஷார் தொழிலாளருக்காகத் தொடங்கியது இது. ஆடுவோரும் பார்ப்போரும் பெரும்பாலும் தமிழ்க் குடும்பத்தினர். எஸ்டேட்டுக்கு ஓர் அணி. ஆட்டம் பொது மைதானத்தில் நடப்பதால் சொந்த மண் என்ற சலுகை எந்த எஸ்டேட்டுக்கும் இல்லை. கோட்டோரம் நின்று கத்தும் கூட்டத்தின் அளவுதான் வேறுபடும்.

அந்தக் கூச்சல் நடுவரையும் அசைக்கும். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், இங்கிலாந்தின் லிவர்பூல், லெஸ்டர் அணிகள் மோதிய ஆட்டத்தின் ஒளிப்பதிவை 40 நடுவர்கள் பார்த்தனர். சிலர் கூட்டத்தின் இரைச்சலோடு, மற்றவர்கள் ஒலியே இல்லாமல். இரைச்சலைக் கேட்டவர்கள் உள்ளூர் அணிமீது 15.5 விழுக்காடு குறைவாக ஃபவுல் கொடுத்தனர். களத்தில் ஓடிக் களைக்காத, ஆற அமர உட்கார்ந்திருந்த நடுவர்களே இப்படித் தடுமாறினார்கள் என்பது கவலைக்குரியது.

கூச்சல் இல்லாதபோது இந்தச் சாய்வும் குறைந்தது: 2020 பெருந்தொற்றின்போது ஐரோப்பாவில் காலி அரங்குகளில் ஆடியபோது, வெளியூர் அணிகளுக்கு மஞ்சள் அட்டை விழுவது குறைந்தது.

நடுவர் அசைகிறார் என்பதற்காக ரசிகர் வாயைக் கட்டுவது அநியாயம். மூணாறில் கூட்டம் இல்லையென்றால் போட்டியே இல்லை. இரைச்சலுக்கு அசையாமல் விசில் ஊத நடுவர்களைப் பழக்குவதே முறை.